இலைக்குக் காம்பு இருந்ததா?

இரண்டு வாரம் முன்பு இந்தப் பக்கத்தில் மழையைத் திட்டி எழுதியிருந்தேன். குர்லாவில் தண்டவாளம் தண்ணீருக்குள் போய், ரயில் அப்படியே நின்று, முழங்கால் தண்ணீரில் செம்பூர் வரை நடந்து வந்த கதை. ‘சரியாகக் கேட்டீர்கள்’ என்று நிறையப் பேர் கூப்பிட்டுச் சொன்னார்கள். காட்கோபர் வாசகர் ஒருவர் மட்டும், திட்டினது போதாது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

இன்று அதே மழையைப் பற்றி வேறு மாதிரி எழுதவேண்டியிருக்கிறது. சந்தோஷமான விஷயம் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிரிக்கலாம் என்று இந்தப் பக்கத்தைத் திருப்பியவர்கள் இன்றைக்கு மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

நடந்தது கணபதிப் பண்டிகைக்குக் கொஞ்ச நாள் முன்னால். எழுதலாமா வேண்டாமா என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். முந்தாநாள் ஒரு போன் வந்தது. அதற்கப்புறம் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு என் பூப்பைத்தியம் தெரியும். மழைக்காலம் வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை வீட்டில் பார்க்க முடியாது. ‘இந்த முட்டியை வெச்சுண்டு மலையா?’ என்று என் மனைவி ராஜி கேட்பாள். கேட்டுக்கொண்டே டிபன் டப்பாவில் இட்லியும் அடைப்பாள். எங்கள் குழுவில் பாதிப் பேர் என்னைப் போல ரிட்டயர் ஆனவர்கள், மீதிப் பேர் ஆபீஸ் போகிற இளவட்டங்கள். சஹ்யாத்ரி மலைகளில் ஏறுவது, பூவைப் படம் எடுப்பது, வாட்ஸ்அப்பில் போட்டு ‘இது என்ன?’ என்று கேட்பது… இதுதான் எங்கள் தொழில்.

கேட்டவுடன் பதில் வரும். அரிய பூவாக இருந்தால் ஆளாளுக்குப் பாய்ந்து வருவார்கள். எந்த மலை, எந்தப் பாறை, எத்தனை பூ என்று ஆயிரம் கேள்வி. எங்கும் கிடைக்கிற பூவாக இருந்தால் ஒரே வார்த்தை – ‘காமன்’. அதோடு கதை முடிந்தது. அந்த வார்த்தை வந்துவிட்டால் படம் போட்டவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்விட வேண்டும்.

இந்த மலைகளில் இரண்டு பூக்கள் எங்களைப் படுத்தி எடுக்கும். ஒன்று நம் காசித்தும்பை. தோட்டத்தில் வைக்கிற அடுக்குத் தும்பை இல்லை. மலையில் தானாக முளைப்பது, ஒற்றை அடுக்கு இதழ், இளஞ்சிவப்பு. மழை விழுந்தால் பாதையோரம், பாறை இடுக்கு என்று எல்லா இடத்திலும் இருக்கும். இன்னொன்று அதன் பெரியக்கா மாதிரி இருப்பது. அதே நிறம், கிட்டத்தட்ட அதே முகம், ஆனால் பூ பெரிது. சில மலைகளில் மட்டும், தண்ணீர் சொட்டுகிற செங்குத்துப் பாறைகளில் பூக்கும். அதற்குத் தமிழில் பேர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நாங்கள் ‘பெரியக்கா’ என்றே கூப்பிடுகிறோம்.

நேரில் பார்த்தால் குழப்பமே வராது. படத்தில்தான் வம்பு. கிட்டே போய் எடுத்த படத்தில் எது பெரிசு, எது சின்னது?

போன் வந்தது ஒரு மத்தியான நேரம். தெரியாத நம்பர்.

“பூ அங்கிளா?” என்றது ஒரு குரல்.

குழந்தைக் குரல் இல்லை. ஐம்பது வயதாவது தாண்டிய, கரகரத்த ஆண் குரல். ‘யாருப்பா கிண்டல் பண்றது’ என்று வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை, சொல்லவில்லை.

“மன்னிச்சுக்கிடுங்க சார். உங்க பேரு தெரியாது. எம் மக போன்ல உங்க நம்பரு அப்படித்தான் இருக்கு. நான் கோமதியோட அப்பா பேசுதேன். தாராவிலேர்ந்து.”

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

கோமதி எங்களோடு இரண்டு தடவை மலைக்கு வந்திருக்கிறாள். அந்தேரியில் ஏதோ கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. ஓயாமல் பேசுவாள் – அப்பாவிடம் பேசும்போது திருநெல்வேலித் தமிழ், போனில் தோழிகளிடம் ஹிந்தி, என்னிடம் இரண்டும் கலந்து. முதல் தடவை வந்தபோது ஏதோ ஒரு பூவைக் காட்டினாள். யாரோ ‘காமன்’ என்றார்கள். “காமன்னா என்ன அங்கிள், நல்லா இல்லையா?” என்று கேட்டாள். எங்களில் ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லை.

இரண்டாவது தடவை திரும்பி வரும் ரயிலில் என் மூக்கை உடைத்தாள். என் போனில் ஒரு படத்தைக் காட்டி ‘பெரியக்கா’ என்று நான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். “சைஸை நம்பாதீங்க அங்கிள். இலையைப் பாருங்க. பெரியக்கா இலை அகலமா, நீளமாக் காம்பு வெச்சிருக்கும். இது ஒல்லி இலை, காம்பே இல்லாம தண்டோட ஒட்டிட்டு இருக்கு. இது காசித்தும்பைதான்” என்றாள். பெட்டியே சிரித்தது.

போன வருஷ மழையில், எங்களோடு இல்லை, ஆபீஸ் சிநேகிதிகளோடு ஒரு கோட்டை மலைக்குப் போனாள். கால் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்து இறந்துபோனாள். கூட வந்தவர்கள் முன்னால் நடந்துகொண்டிருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை.

குழுவில் செய்தி வந்தது. எல்லோரும் கைகூப்பும் பொம்மை போட்டோம். மறுநாள் காலையில் ஒருவர் ஒரு காளான் படத்தைப் போட்டு ‘இது என்ன?’ என்று கேட்டார். குழு பழையபடி ஓட ஆரம்பித்தது.

“வருஷ நெனப்பு வருது சார்” என்றார் கோமதியின் அப்பா. “பேனர் வைக்கணும். ஒரு வெவரம் உங்ககிட்டக் கேக்கணும். போன்ல வேண்டாம். நான் வரட்டா?”

“நீங்க வரவேண்டாம். நானே வரேன்” என்றேன்.

சயானில் பஸ் இறங்கி நடந்தேன். அவர் பேர் சண்முகவேல். ஸ்கூல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். கீழே மெஷின்கள், மேலே வீடு. இரும்பு ஏணியில் ஏறவேண்டும். என் முட்டியைப் பார்த்துவிட்டு, பின்னால் நின்று தாங்கிக்கொண்டே ஏற்றிவிட்டார். கீழே மெஷின்களை நிறுத்தச் சொன்னார்.

மேலே ஒரே அறை. சுவரில் சாய்ந்து அவர் மனைவி பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தார். “வாங்க சார்” என்றார். டீ வந்தது. “சீனி போதுமான்னு அவுகளக் கேக்கச் சொல்லுங்க” என்றார் என்னிடம். அறையில் எங்கள் மூன்று பேரைத் தவிர யாருமில்லை. சண்முகவேல் இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் புரிந்தது. இருவரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. மகள் மலைக்குப் போகச் சம்மதித்தவர் சண்முகவேல். ஷூ வாங்கிக் கொடுத்ததும் அவர். அன்றையிலிருந்து இப்படித்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

சண்முகவேல் போனில் பேனர் டிசைனைக் காட்டினார்.

தாராவிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கல்யாணம், காதுகுத்து, கட்சி, கண்ணீர் அஞ்சலி – எல்லாவற்றுக்கும் ஃப்ளெக்ஸ் பேனர்தான். ‘முதலாம் ஆண்டு நினைவஞ்சலி’ என்று மேலே சிவப்பில் போட்டிருந்தது. நடுவில் கோமதி சிரிக்கிறாள். சுற்றிலும் நீல நீலமாகக் கொத்துப் பூக்கள்.

“இது குறிஞ்சியாச்சே?” என்றேன்.

“மலைப்பூன்னு சொன்னேன் சார். மலைப்பூன்னா குறிஞ்சிதானேன்னு டிசைன்காரன் நெட்லேர்ந்து எடுத்துப் போட்டுட்டான்.”

டிசைன்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. நம் ஆட்களுக்கு மலை என்றாலே குறிஞ்சிதான். இங்கே போரிவலிக் காட்டில் பூக்கிற கார்வியையே குறிஞ்சி என்று சொல்லி, அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. இரண்டும் ஒரே குடும்பம், வேறு வேறு பூ. ஆனால் அன்றைக்கு அதையெல்லாம் விளக்குகிற மனநிலையில் நான் இல்லை. ஏனென்றால் படத்துக்குக் கீழே இருந்த வரியைப் படித்துவிட்டேன்.

‘அபூர்வ மலர் தேடி மலையேறிய எங்கள் அபூர்வ மலரே…’

“இந்தக் குறிஞ்சிய எடுத்துட்டு அவ கடைசியா எடுத்த படத்தைப் போடணும் சார். அதுக்குப் பேரும் போடணும். மலையிலேர்ந்து எனக்குத்தான் அனுப்புனா. அதுக்குக் கொஞ்ச நேரத்துல…”

முடிக்கவில்லை. போனை என்னிடம் நீட்டினார்.

ஒரு பூ. படம் முழுக்க ஒரே ஒரு பூ, இளஞ்சிவப்பு, இதழில் மழைத்துளி. கீழே இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் – ‘அப்பா இதப் பாரேன்!’ என்று.

“சாதாரணப் பூவுக்கு இப்படி எழுதுவாளா சார்? அபூர்வமான பூதானே? சொந்தக்காரன் எல்லாம் கேக்கான் சார். ஏதோ களைச்செடியப் படம் புடிக்கவா புள்ளைய அனுப்புனன்னு. மூஞ்சிக்கு நேராக் கேக்கான். நீங்க அபூர்வம்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. பேனர்ல அடிச்சு நட்டுவச்சிருதேன். எல்லாரும் படிக்கட்டும்.”

ஒரு வார்த்தைதானே, சொல்லிவிடலாமே என்றுதான் நினைத்தேன். எனக்கென்ன நஷ்டம்? தாராவியில் யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்?

“சார்.”

சுவரோரமிருந்து குரல் வந்தது.

“அவுககிட்டச் சொல்லுங்க. அது அபூர்வமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சாதாரணப் பூ.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்மா?”

“தெரியாது. ஆனா சாதாரணப் பூவாத்தான் இருக்கணும்.” பிறகு மெதுவாகச் சொன்னார். “கெளம்பும்போது வாசல்ல நிக்கவச்சுக் கேட்டேன் சார். மலை ஓரத்துக்குப் போவியாட்டின்னு. போமாட்டேம்மான்னு என் தலையில கைவச்சுச் சொன்னா. அந்தப் பெரிய பூ செங்குத்துப் பாறையிலதான் இருக்கும்னு அவளே சொல்லிருக்கா. அதுக்காகப் போயிருந்தான்னா… எனக்குக் குடுத்த வாக்க மீறித்தான போயிருக்கா? எந் தலையில அடிச்ச சத்தியத்த மறந்துட்டுத்தான போயிருக்கா? சாதாரணப் பூன்னா நடக்குற வழியிலயே இருக்கும். வழியில போகையில காலு வழுக்கிருச்சு. அதுக்கு யாரு என்ன செய்ய முடியும்? சாதாரணப் பூன்னு சொல்லுங்க சார்.”

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் பூவைக் காட்டி என்னிடம் பேர் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் பயந்தேன்.

சண்முகவேலுக்கு அது பெரியக்காவாக இருந்தாகவேண்டும். மகள் அற்பத்துக்காகச் சாகவில்லை என்று அவர் நம்பவேண்டும். பேச்சியம்மாளுக்கு அது காசித்தும்பையாக இருந்தாகவேண்டும். மகள் தன்னிடம் பொய் சொல்லவில்லை என்று இவர் நம்பவேண்டும். இருவரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். ‘படம் தெளிவாக இல்லை’ என்று தப்பித்திருக்கலாம். அப்படிச் சொன்னால் இரண்டு பேருக்குமே எதுவும் கிடைக்காது. ஆயுசுக்கும் அந்தப் போனை வைத்துக்கொண்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பார்கள்.

படத்தைப் பெரிதாக்கினேன். பூவின் அளவைப் பார்த்தால் பெரியக்காதான் என்று தோன்றியது. சைஸை நம்பாதீங்க அங்கிள்… இலையைத் தேடினேன். வாட்ஸ்அப்பில் வந்த படம், பூவைத் தாண்டி எல்லாம் மங்கல். கீழ் ஓரத்தில் பச்சையாக ஏதோ இருந்தது. இன்னும் பெரிதாக்கினேன். ஒல்லி இலை. ஓரமெல்லாம் ரம்பப் பல். காம்பு இல்லை, தண்டோடு ஒட்டியிருந்தது.

அவள் சொல்லிக்கொடுத்த அடையாளத்தை வைத்து அவள் எடுத்த கடைசிப் பூவைக் கண்டுபிடித்தேன்.

“காசித்தும்பை” என்றேன். “சந்தேகமே இல்லை.”

“வழியோரமா மொளைக்குமா சார்?” என்றார் பேச்சியம்மாள்.

“எல்லா இடத்துலயும் முளைக்கும்மா. வழியோரம் நிறைய இருக்கும்.”

அது நிஜம். எல்லா இடம் என்றால் மலையின் விளிம்பிலும்தான் – அதுவும் நிஜம். அவர் வழியோரத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

சண்முகவேல் அழவில்லை. போனை வாங்கி அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சாதாரணப் பூவுக்கா சார் போனா?”

நான் என்ன சொல்ல? ‘காமன்னா நல்லா இல்லையா?’ என்று கேட்டவள் அவர் மகள்.

“அப்ப அந்த வரிய எடுத்துர வேண்டியதுதான்” என்றார். என்னை ஏணியில் பத்திரமாக இறக்கிவிட்டார். நான் தெருமுனை தாண்டுவதற்குள் மெஷின்கள் ஓட ஆரம்பித்துவிட்டன.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கப் பிடிக்கவில்லை. ஒருத்தருக்கு நிம்மதி கொடுத்தேன். அதே வார்த்தையால் இன்னொருத்தரிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். ராஜியிடம் சொன்னபோது, “நிஜத்தைத்தானே சொன்னேள்?” என்றாள். நிஜம்தான். அதனால் துக்கம் குறையவில்லை. இரண்டு ஞாயிறு மலைக்குப் போகவில்லை. குழுவில் யாரோ ஒருவருடைய படத்துக்குக் கீழே ‘காமன்’ என்று பதில் வந்திருந்தது. அந்த வார்த்தையைப் பார்க்கவே கசந்தது.

யோசித்துப் பாருங்கள், நமக்கு எதிலும் இந்த வியாதி உண்டு. மலை உச்சியில் ஒரே ஒரு அரிய செடியைப் படம் எடுக்க முப்பது பேர் வரிசையில் நிற்கிறோம். காலடியில் மிதிபடுகிறது ஒரு வயல் அளவு காசித்தும்பை. செத்துப்போனவர்களைக்கூட நாம் விடுவதில்லை. எதற்காகச் செத்தார் என்று கேட்டு, பதிலை வைத்து மார்க் போடுகிறோம்.

சரி, முந்தாநாள் போனுக்கு வருகிறேன்.

“சார், நான் சண்முகவேல்.” குரலில் ஏதோ மாற்றம். “பக்கத்து வீட்டு மராட்டியம்மா வீட்டுல கௌரி கூட்டியாந்தாங்க சார். தெரியுமா உங்களுக்கு?”

தெரியும். கணபதி வந்தபின் கௌரி வருவாள். கல்யாணமாகிப் போன மகள் அம்மா வீட்டுக்கு வருவதாக ஐதீகம். கொங்கணத்து ஆட்கள் சிலர் பொம்மை வைப்பதில்லை. மலையில் தானாக முளைத்த செடியை வேரோடு பிடுங்கிக் கொண்டுவந்து, அதையே கௌரியாக வைத்துக் கும்பிடுவார்கள். மராத்தியில் தேர்டா என்பார்கள். பண்டிகைக்கு முந்தின நாள் தாதர் மார்க்கெட்டில் கட்டுக்கட்டாகக் குவிந்து கிடக்கும். அந்தச் செடி என்ன என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வருஷா வருஷம் பார்க்கிறேன். ஆனால் அன்று அந்த மேல் அறையில் உட்கார்ந்திருந்தபோது அது ஞாபகம் வரவேயில்லை.

“வாசல்ல நிப்பாட்டி ஒரு அம்மா கேக்காங்க, கோண் ஆலீ, யாரு வந்துருக்கான்னு. கையில வச்சிருக்கிற அம்மா சொல்லுதாங்க, கௌரி ஆலீன்னு. மக வந்துட்டாளாம். கால் கழுவி, குங்குமம் வச்சு உள்ள கூட்டிட்டுப் போறாங்க. நான் பாக்கேன்… கையில இருக்குறது அந்தப் பூ சார். ஒல்லி இலை. காம்பு இல்ல. நீங்க பாத்தீகள்ல, அதே மாதிரி நானும் பாத்தேன்.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“கௌரி வேற, கோமதி வேறயா சார்? ரெண்டும் ஒரே அம்மன் பேருதானே. சாதாரணப் பூன்னு சொன்னீங்க?”

“ஆமா. சொன்னேன்.”

“வீட்டுக்காரி போயி அந்தச் செடியத் தொட்டுக்கிட்டே நின்னா. மராட்டியம்மாவுக்கு வெவரம் தெரியும். ஒண்ணும் பேசல. கட்டுலேர்ந்து ஒரு செடிய உருவி இவ கையில குடுத்துட்டாங்க. மூணாம் நாளு கௌரிய தண்ணியில விடுவாங்களாம்ல? செடிய வாங்கிட்டுப் போக வந்தாங்க. இவ தரமாட்டேன்னுட்டா சார். மகள அனுப்பிட்டு வாரதுக்கு இன்னொரு தடவ என்னால ஆவாதுன்னுட்டா.”

குயவர்கள் இருக்கிற கும்பார்வாடாவில் தொட்டி வாங்கினாராம். மண்ணுக்குத்தான் அலைந்தாராம். தாராவியில் எங்கே மண்? எல்லாம் சிமெண்டு. ரயில்வே வேலியோரம் போய் ஒரு பையில் அள்ளிக்கொண்டு வந்தாராம். அவர் தைத்த ஸ்கூல் பை. பேனரில் அந்த வரியை எடுத்துவிட்டு, கோமதி எடுத்த பூவை மட்டும் போட்டார்களாம். “நீங்க எழுதணும்னா எழுதுங்க சார். எங்க பேர மாத்திக்கிடுங்க. அவ பேர மாத்தாதீங்க” என்றார். அப்படியே செய்திருக்கிறேன்.

போனுக்குப் பின்னாலிருந்து பேச்சியம்மாளின் குரல் கேட்டது. “ஏங்க, எத்தன நாளு இருக்கும்னு அந்த சாரக் கேளுங்க.”

‘அவுககிட்டச் சொல்லுங்க’ இல்லை. ‘ஏங்க.’ எனக்குத் தெளிவாகக் கேட்டது.

“எத்தன நாளு சார் இருக்கும் இது?”

காசித்தும்பை ஒரு பருவச் செடி. மழை நின்று வெயில் அடித்தால் சுருண்டுவிடும். அதற்குமேல் அதற்கு ஆயுசு கிடையாது. எந்தத் தொட்டியில் வைத்தாலும் இதுதான் கதை. நிஜத்தை ஒரு தடவை சொல்லி அவரை நோகடித்தவன் நான். இந்தத் தடவையும் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“மழை இருக்கற வரைக்கும் இருக்கும்” என்றேன்.

“அது போதும் சார்” என்றார்.

இதை எழுதும்போது வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறது. குர்லாவில் மறுபடி தண்ணீர் ஏறிவிட்டதாம், டிவியில் காட்டுகிறார்கள். போன தடவை நான் திட்டியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இந்த வருஷம் மட்டும் மழை கொஞ்சம் தாமதமாக நிற்கட்டும் – ஹார்பர் லைன், சென்ட்ரல் லைன் ஆசாமிகள் என்னை மன்னிக்கவேண்டும்.